டேட்டாபேஸ்ல இருக்கு, தேடுனா வரல: சர்ச் இண்டெக்ஸோட இணைக்கறத முதல்ல இருந்து பாப்போம்

ஒரு ஊர் லைப்ரரிய எடுத்துக்கோங்க. புத்தக லிஸ்ட் மொத்தமும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்காங்க. தோட்டம் வச்சிருக்கற ஒருத்தர் வந்து தேடுற பெட்டில "கொய்யா நோய்"னு அடிக்கிறாரு, ஒண்ணுமே வரல. ஆனா அலமாரில "கொய்யா மர நோய்கள்"னு ஒரு புத்தகம் கண்ணுக்கு நேரா நிக்குது, டேட்டாபேஸ்லயும் அதோட ரோ (பதிவு வரி) பத்திரமா இருக்கு. அவரு "இங்க இல்ல போல"னு திரும்பிப் போயிடறாரு. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப அக்கறை உண்டு, ஏன்னா தேடுனா வராத புத்தகம் படிக்க வந்தவருக்கு இல்லாத புத்தகம் தான், அது அலமாரில எவ்வளவு நாளா உக்காந்திருந்தாலும் சரி.

ஏன் வரலன்னு புரிஞ்சுக்க ரிலேஷனல் டேட்டாபேஸ் எதுக்காக பண்ணுனதுன்னு கொஞ்சம் பாக்கணும். 1970ல ஐபிஎம்ல வேலை பார்த்த எட்கர் காட் ஒரு பேப்பர் எழுதுனாரு, அதுல இருந்து வந்தது தான் இப்ப நாம யூஸ் பண்ற மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் எல்லாமே. அதோட மனசு என்னன்னா ஒரு தகவல ஒரே இடத்துல தான் வைக்கணும். எழுத்தாளர் பேரு எழுத்தாளர் டேபிள்ல ஒரே ஒரு தடவ, பதிப்பகம் பதிப்பக டேபிள்ல ஒரே ஒரு தடவ, புத்தக டேபிள்ல அவங்களோட நம்பர் மட்டும் இருக்கும். ஒரு எழுத்தாளர் பேர்ல எழுத்துப்பிழை இருந்தா ஒரு இடத்துல திருத்துனா போதும், அவரோட நாப்பது புத்தகத்துலயும் சரியாயிடும். சேமிக்கறதுக்கும் திருத்தறதுக்கும் கணக்கு தப்பாம இருக்கறதுக்கும் இத அடிச்சுக்க ஆளே இல்ல.

ஆனா தேடறதுக்கு? பொதுவா எல்லாரும் முதல்ல பண்றது எஸ்க்யூஎல்ல (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்கற மொழி) லைக்னு ஒரு சொல் போட்டு ரெண்டு பக்கமும் சதவீதக் குறி வச்சு தேடறது. அதுல ரெண்டு பிரச்சன. ஒண்ணு, "கொய்யா நோய்"னு அடிச்சா அந்த எழுத்து அப்படியே அடுத்தடுத்து இருக்கணும், நடுவுல "மர"ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா போச்சு. அந்தத் தோட்டக்காரருக்கு நடந்தது இது தான். ரெண்டாவது, வேகம். டேட்டாபேஸ் சாதாரணமா வச்சிருக்கற இண்டெக்ஸ் ஒரு அகராதி மாதிரி வரிசையா அடுக்குனது. அகராதில "கொ"ல ஆரம்பிக்கற வார்த்தைகள நொடில எடுத்துடலாம், ஆனா நடுவுல எங்கயாவது "நோய்" வர்ற வார்த்தை எல்லாம் எடுன்னா முதல் பக்கத்துல இருந்து கடைசி பக்கம் வரைக்கும் பொரட்டித் தான் ஆகணும். அதே தான் டேட்டாபேஸ் பண்ணுது, ஒவ்வொரு ரோவா படிக்குது. 500 ரோன்னா தெரியாது, 50 லட்சம்னா எல்லாருக்கும் தெரியும்.

சர்ச் இண்டெக்ஸ் இதத் தலைகீழா பண்ணுது. சில புத்தகத்தோட கடைசில பொருளடைவுன்னு இருக்கும் பாருங்க, வார்த்தையும் அது வர்ற பக்கமும், அது தான். மூணு தலைப்பு எடுத்துக்கலாம். 1வது "தென்னை மர வளர்ப்பு", 2வது "கொய்யா மர நோய்கள்", 3வது "தென்னை நோய்கள்". இத வார்த்தை வார்த்தையா பிரிச்சு எழுதுனா தென்னைக்கு நேரா 1, 3னு வரும், மரவுக்கு நேரா 1, 2, நோய்களுக்கு நேரா 2, 3, கொய்யாவுக்கு 2 மட்டும், வளர்ப்புக்கு 1 மட்டும். இப்ப ஒருத்தர் "தென்னை நோய்கள்"னு தேடுனா 1, 3ங்கற லிஸ்டும் 2, 3ங்கற லிஸ்டும் எடுத்து ரெண்டுலயும் எது இருக்குன்னு பாத்தா போதும், 3 தான் விடை. எந்த ரோவையும் படிக்க வேண்டியதே இல்ல. நடுவுல எந்த வார்த்தை வந்தாலும் கவலையும் இல்ல.

இத நல்லபடியா பண்ணிக் கொடுக்கற மென்பொருள் தொகுப்பு தான் லூசீன், டக் கட்டிங் 1999ல எழுதுனது. அது மேல கட்டுனது தான் சோலரும் எலாஸ்டிக்சர்ச்சும். சோலர யோனிக் சீலி 2004ல சிநெட் கம்பெனிக்குள்ள ஆரம்பிச்சாரு, 2006ல அப்பாச்சி அறக்கட்டளைக்கு கொடுத்துட்டாங்க. எலாஸ்டிக்சர்ச்ச ஷே பேனன் 2010ல வெளியிட்டாரு, அதுக்கு முன்னாடி அவரோட மனைவி சமையல் படிச்சப்ப அவங்க ரெசிப்பிகள தேடறதுக்கு ஒண்ணு பண்ணிக் கொடுக்கலாம்னு ஆரம்பிச்ச வேலை தான் இவ்வளவு தூரம் வந்துச்சு. 2021ல எலாஸ்டிக்சர்ச்சோட லைசென்ஸ மாத்துனதால அதுல இருந்து பிரிஞ்சு ஓப்பன்சர்ச்னு ஒண்ணு வந்துச்சு. ஆரம்பிக்கறவங்களுக்கு எதுவா இருந்தாலும் அடிப்படை ஒண்ணு தான், உள்ள ஓடறது லூசீன், அதனால எது எடுக்கறதுன்னு ஒரு வாரம் யோசிச்சுட்டு உக்கார வேண்டாம்.

இப்ப ஒரு விஷயம் மனசுல நல்லா பதிய வச்சுக்கோங்க, இந்த கட்டுரைல மத்தது மறந்தாலும் பரவால்ல. டேட்டாபேஸ்ல இருக்கறது தான் உண்மை. இண்டெக்ஸ்ல இருக்கறது அதோட நகல். கணக்குப்புத்தகமும் சுவத்துல ஒட்டுன விலைப்பட்டியலும் மாதிரி. விலைப்பட்டியல் கிழிஞ்சா புத்தகத்த பாத்து திருப்பி எழுதிக்கலாம், புத்தகம் கிழிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. அதனால இண்டெக்ஸ எப்ப வேணா தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து கட்டற மாதிரி வச்சுக்கணும், இண்டெக்ஸ்ல மட்டும் இருக்கற தகவல்னு எதுவுமே இருக்கக் கூடாது. "இணைக்கறது"ன்னு சொன்னதும் நிறைய பேர் ஏதோ ஒயர் சொருகற மாதிரி நினைக்கறாங்க, யூசர்நேம் பாஸ்வேர்டு கொடுத்தா முடிஞ்சிடும்னு. அது அரை மணி நேர வேலை. மிச்ச வேலை எல்லாம் அந்த நகல் மூலத்தோட ஒத்துப் போறத பாத்துக்கறது தான், அது என்னைக்கும் முடியாது.

அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை, உங்களுக்கு இது உண்மைலயே தேவையான்னு பாருங்க. ஐயாயிரம் பத்தாயிரம் புத்தகம் இருக்கற ஒரு லைப்ரரிக்கு தனியா ஒரு எலாஸ்டிக்சர்ச் சர்வர் வைக்கறது எனக்கு சரியாப் படல. போஸ்ட்கிரெஸ்லயே 2008ல இருந்து முழு எழுத்துத் தேடல் உள்ளயே வருது, அதுவும் இதே தலைகீழ் இண்டெக்ஸ் தான். மைஎஸ்க்யூஎல்லயும் 5.6ல இருந்து இன்னோடிபி (அதோட வழக்கமான டேபிள் வகை) டேபிள்கள்ல ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ் போடலாம். அது போதும்னா அங்கயே நின்னுடுங்க, நகல் இல்லன்னா நகல் தப்பாகவும் முடியாது. லட்சக்கணக்குல ரெக்கார்டு, எழுத்துப்பிழை இருந்தாலும் கண்டுபிடிக்கணும், பக்கத்துல "இந்த பதிப்பகம் 12, அந்த பதிப்பகம் 7"னு எண்ணிக்க காட்டணும், டேட்டாபேஸ் மேல பாரம் ஏறக் கூடாதுன்னு வரும்போது தான் தனி சர்ச் சர்வருக்கு வாங்க.

சரி, வர்றீங்கன்னே வச்சுக்குவோம். முதல் வேலை தட்டையாக்கறது. டேட்டாபேஸ்ல நாலு டேபிள்ல பிரிஞ்சு கிடக்கறத இண்டெக்ஸ்ல ஒரே டாக்குமெண்டா ஆக்கணும், ஒரு புத்தகம்னா அதுக்குள்ளயே தலைப்பு, எழுத்தாளர்கள் பேரு, பதிப்பகம் பேரு, தலைப்புச் சொற்கள் (புத்தகம் எத பத்துனதுன்னு சொல்ற சொற்கள்) எல்லாம். டேட்டாபேஸ்ல ஒரே இடத்துல தான் இருக்கணும்னு சொன்ன அதே பேர இங்க நாப்பது டாக்குமெண்ட்ல திரும்பத் திரும்ப எழுதறோம், அது தப்பில்ல, தேடறதுக்காக தெரிஞ்சே பண்றது.

இதுல ஆரம்பிக்கறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது விழற குழி ஒண்ணு இருக்கு. "கொய்யா மர நோய்கள்" புத்தகத்துக்கு ரெண்டு எழுத்தாளர், மூணு தலைப்புச் சொல்னு வைங்க. எல்லா டேபிளையும் ஜாயின் போட்டு (ஒண்ணோட ஒண்ணு இணைச்சு) எடுத்தா ஒரு புத்தகத்துக்கு ஒரு ரோ வராது, ரெண்டு பெருக்கல் மூணு, ஆறு ரோ வரும். ஆறுக்கும் புத்தக நம்பர் ஒண்ணு தான். அந்த நம்பரயே டாக்குமெண்டோட ஐடின்னு வச்சு ஒவ்வொரு ரோவா இண்டெக்ஸுக்கு அனுப்புனா ரெண்டாவது முதல்ல வந்தத அழிச்சிடும், மூணாவது ரெண்டாவத அழிச்சிடும், கடைசில நிக்கறது ஒரே எழுத்தாளர் ஒரே தலைப்புச் சொல். எர்ரர் எதுவும் வராது, எண்ணிக்கையும் சரியா இருக்கும், ஒரு எழுத்தாளர் பேரு மட்டும் தேடுனா வராது. அதனால டேட்டாபேஸ் பக்கத்துலயே ஒரு புத்தகத்துக்கு ஒரு ரோன்னு ஆக்கிட்டு அனுப்பணும், எழுத்தாளர் பேர் எல்லாம் ஒண்ணா சேர்த்து ஒரு ஃபீல்டுல.

மைஎஸ்க்யூஎல்ல அதுக்கு குரூப் கான்கேட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதுலயும் தமிழ்ல வேலை பாக்கற நமக்குன்னே ஒரு சிக்கல். அது சேர்த்துக் கொடுக்கற நீளம் செட்டிங் மாத்தலன்னா 1024 பைட்டோட நின்னுடும். இங்கிலீஷ்ல ஒரு எழுத்து ஒரு பைட், தமிழ்ல ஒவ்வொரு குறியும் மூணு பைட். "கொய்யா"ன்னு எழுத க, ஒகரக் குறி, ய, புள்ளி, ய, கால்னு ஆறு குறி, 18 பைட். ஆக மொத்தம் ஒரு 341 குறி தாண்டுனா மிச்சத்த வெட்டிடும், ஒரு வார்னிங் மட்டும் கொடுக்கும், அத யாரும் படிக்கறதில்ல. இங்கிலீஷ் டேட்டால டெஸ்ட் பண்ணுனவங்களுக்கு இது கண்ணுலயே படாது. அந்த அளவ கூட்டி வச்சுட்டு ஆரம்பிங்க. மரியாடிபில புது வெர்ஷன்கள்ல இந்த அளவ பெருசாக்கிட்டாங்க, போஸ்ட்கிரெஸ்ல இந்த தொல்லை இல்ல.

அடுத்து கனெக்ஷன். டேட்டாபேஸ்ல இருந்து எடுத்து இண்டெக்ஸுக்கு அனுப்பற டூல் பெரும்பாலும் ஜாவால எழுதுனது, அதனால டேட்டாபேஸோட பேசறதுக்கு ஜேடிபிசி டிரைவர்னு ஒரு ஜார் ஃபைல் வேணும். மைஎஸ்க்யூஎல்லுக்கு ஒண்ணு, போஸ்ட்கிரெஸுக்கு ஒண்ணு, அந்தந்த டேட்டாபேஸ் வெர்ஷனுக்கு பொருந்தறது. டேட்டாபேஸ்ல இதுக்குன்னு தனி யூசர் போடுங்க, படிக்க மட்டும் அனுமதி, எழுத அனுமதி வேண்டவே வேண்டாம். ரெப்ளிகா (டேட்டாபேஸோட நகல் சர்வர்) இருந்தா அதுல இருந்து படிங்க. கனெக்ஷன்ல எழுத்துக் குறியாக்க செட்டிங் யூடிஎஃப்8 தானான்னு பாத்துடுங்க, இல்லன்னா தமிழ் தலைப்பு மொத்தமும் கேள்விக்குறியா வந்து உக்காந்துக்கும். இன்னொண்ணு, மைஎஸ்க்யூஎல் டிரைவர் நாம சொல்லலன்னா விடை மொத்தத்தையும் மெமரில ஏத்திட்டு தான் கொடுக்க ஆரம்பிக்கும், 20 லட்சம் ரோ கேட்டா ப்ராசஸ் மூச்சு முட்டி விழுந்துடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா கொடுன்னு செட்டிங்ல சொல்லணும்.

எந்த டூல்? சோலர்ல பல வருஷம் டேட்டா இம்போர்ட் ஹேண்ட்லர்னு உள்ளயே ஒண்ணு இருந்துச்சு, ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல எஸ்க்யூஎல் எழுதி வச்சா போதும், ரொம்ப வசதி. பழைய டுட்டோரியல் எல்லாம் அத வச்சு தான் சொல்லிக் கொடுக்கும். ஆனா சோலர் 9ல அத எடுத்துட்டாங்க, அதனால அந்த டுட்டோரியல பாத்து புது சோலர்ல பண்ணிட்டு ஏன் வரலன்னு தலைய பிச்சுக்காதீங்க. எலாஸ்டிக் பக்கம் லாக்ஸ்டாஷ்ல ஜேடிபிசி ப்ளகின் இருக்கு, குறிச்ச நேரத்துக்கு ஒரு தடவ க்வெரி ஓட்டி அனுப்பிட்டே இருக்கும். இல்லன்னா நீங்களே பைத்தான்ல ஒரு நூறு வரி ஸ்கிரிப்ட் எழுதிக்கலாம். ஆரம்பிக்கறவங்க முதல் தடவ அப்படி எழுதிப் பாக்கறது தான் நல்லதுன்னு நான் சொல்வேன், உள்ள என்ன நடக்குதுன்னு கை பழகிடும்.

முதல் லோடு மொத்தமா. ஒவ்வொரு புத்தகமா அனுப்பாதீங்க, ஐநூறு ஆயிரம்னு கட்டு கட்டா அனுப்புங்க, அதுக்குன்னே பல்க்னு ஒரு வழி இருக்கு. அனுப்புன உடனே தேடல்ல வரலன்னு பயப்பட வேண்டாம், எலாஸ்டிக்சர்ச் சாதாரணமா ஒரு நொடிக்கு ஒரு தடவ தான் புதுசா வந்தத தேடலுக்கு திறந்து விடும், சோலர்ல கமிட் ஆகணும் (உறுதி செய்யணும்). ஓடிட்டு இருக்கற இண்டெக்ஸ திரும்ப முழுசா கட்டணும்னா பழசு மேலயே கைய வைக்காதீங்க, பக்கத்துல புது இண்டெக்ஸ் ஒண்ணு கட்டி, எண்ணிக்கை எல்லாம் சரி பாத்துட்டு, பேர்ப்பலகைய மட்டும் புதுசுக்கு மாத்திடணும். அந்த பேர்ப்பலகைய அலியாஸ்னு சொல்வாங்க. தேடிட்டு இருக்கறவங்களுக்கு மாத்துனதே தெரியாது.

அப்புறம் தான் உண்மையான வேலை. தினமும் பத்து புத்தகம் புதுசா வருது, இருபது திருத்தறாங்க, அதுக்காக மொத்தத்தையும் திரும்ப அனுப்ப முடியாது, மாறுனத மட்டும் அனுப்பணும். எல்லாரும் பண்றது டேபிள்ல "கடைசியா மாத்துன நேரம்"னு ஒரு ஃபீல்டு வச்சுட்டு, போன தடவ ஓடுனதுக்கு அப்புறம் மாறுன ரோ எல்லாம் கொடுன்னு கேக்கறது. கேக்க எளிமையா இருக்கும். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல இதே முறை தான், ஐஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஓடும். ஆனா காலைல ஏத்துன புத்தகம் மறுநாள் தான் தேடல்ல வரும். அங்க இருந்தவங்க அத வழக்கமாவே எடுத்துக்கிட்டாங்க, "இன்னைக்கு ஏத்துனா நாளைக்கு வரும் சார்"னு வர்றவங்ககிட்ட சொல்லியே பழகிட்டாங்க. உக்காந்து பாத்தப்ப தான் தெரிஞ்சுச்சு, டேட்டாபேஸ் நேரத்த யூடிசில (உலகப் பொது நேரம்) எழுதுது, அனுப்பற ஸ்கிரிப்ட் "போன தடவ ஓடுன நேரம்"னு இந்திய நேரத்த குறிச்சு வைக்குது. 11 மணிக்கு ஏத்துன புத்தகத்துக்கு டேட்டாபேஸ்ல 5:30ன்னு இருக்கும், ஸ்கிரிப்ட் 10:55க்கு மேல மாறுனத கொடுன்னு கேக்கும், 5:30 எப்படி வரும்? ஒரு மாற்றம் கூட அந்த வழியா போனதே இல்ல. ராத்திரி முழு லோடு ஒண்ணு ஓடிட்டு இருந்ததால மறுநாள் வந்துட்டு இருந்துச்சு, அதனால தான் யாருக்கும் சந்தேகமே வரல. ரெண்டு பக்கமும் நேரத்த யூடிசில வைங்க, முடிஞ்சா டேட்டாபேஸ்கிட்டயே "இப்ப மணி என்ன"ன்னு கேட்டு அதையே குறிச்சு வைங்க.

நேரம் சரியா இருந்தாலும் இன்னொரு ஓட்டை இருக்கு, இது நுணுக்கமானது. ஒருத்தர் 10:00:00க்கு ஒரு புத்தகத்த திருத்தறாரு, அந்த நேரம் ரோல பதிவாகுது, ஆனா அந்த டிரான்சாக்ஷன் (திருத்தற வேலை மொத்தமும்) கமிட் ஆகறது 10:00:08க்கு. நடுவுல 10:00:05க்கு நம்ம ஸ்கிரிப்ட் ஓடுது. கமிட் ஆகாத ரோ அதுக்கு தெரியாது, அதனால விட்டுட்டு "10:00:05 வரைக்கும் பாத்துட்டேன்"னு எழுதி வச்சுட்டு போயிடும். அடுத்த தடவ 10:00:05க்கு மேல இருக்கறத தான் கேக்கும். 10:00:00ன்னு போட்ட ரோ நிரந்தரமா விட்டுப் போச்சு. இதுக்கு வைத்தியம் எளிசு தான், ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு நிமிஷம் பின்னாடி போய் கேளுங்க. சில ரோ ரெண்டு தடவ வரும், வரட்டும், ஐடி ஒண்ணு தான்கறதால அது மேலயே எழுதிக்கும், ஒண்ணும் கெடாது.

எழுத்தாளர் டேபிள்ல பேர திருத்துனா என்னாகும்? எழுத்தாளர் ரோவோட நேரம் தான் மாறும், புத்தக ரோவோட நேரம் மாறாது, அதனால அவரோட நாப்பது புத்தகமும் இண்டெக்ஸ்ல பழைய பேரோடவே கிடக்கும். அதனால மாறுன எழுத்தாளர் யார்னு பாத்து அவங்க புத்தகம் எல்லாத்தையும் திரும்ப அனுப்பற க்வெரி தனியா வேணும், பதிப்பகத்துக்கும் அப்படியே. தட்டையாக்குனதுக்கு நாம கொடுக்கற விலை இது.

டெலிட் தான் எல்லாத்தையும் விட மோசம். அழிச்ச ரோவுக்கு "கடைசியா மாத்துன நேரம்" ஏது, ரோவே இல்லயே. மாறுனது எதுன்னு கேட்டா டேட்டாபேஸ் அத பத்தி வாயே திறக்காது. புத்தகம் போன பிறகும் தேடுனா வந்துட்டே இருக்கும், கிளிக் பண்ணுனா பக்கம் இல்லன்னு வரும். லைப்ரரிக்கு அது தொல்லை. ஆஸ்பத்திரி ரெக்கார்டோ, "என் விவரத்த எடுத்துடுங்க"ன்னு ஒருத்தர் கேட்டு அழிச்ச தகவலோ அப்படி தேடல்ல நின்னுச்சுன்னா அது அந்த மனுஷனுக்கு பண்ற துரோகம். அதனால ஒண்ணு, நேரடியா அழிக்காம "அழிக்கப்பட்டது"ன்னு ஒரு கொடி போட்டு வைங்க, அப்ப அதுவும் ஒரு மாற்றமா வரும், இண்டெக்ஸ்ல இருந்து எடுத்த பிறகு ரோவ உண்மையா அழிச்சுக்கலாம். இல்லன்னா அழிச்ச ஐடிய எல்லாம் தனி டேபிள்ல குறிச்சு வைங்க.

குறிச்சு வைக்கறது எப்படின்னு பாக்கணும்னா கோஹாவ பாருங்க, நல்ல பாடம். நியூசிலாந்துல ஹோரோவெனுவா லைப்ரரி டிரஸ்ட்டுக்காக 1999ல எழுதுன லைப்ரரி மென்பொருள், 2000 ஜனவரில ஓட ஆரம்பிச்சது. மாவோரி மொழில கோஹான்னா அன்பளிப்பு. நம்ம ஊர் காலேஜ் லைப்ரரி நிறைய இடத்துல இது தான் ஓடுது. புத்தக விவரம் மைஎஸ்க்யூஎல்ல இல்ல மரியாடிபில இருக்கும், தேடல் சீப்ரான்னு ஒரு தனி இண்டெக்ஸ்ல, பின்னாடி எலாஸ்டிக்சர்ச்சும் சேர்த்தாங்க. சீப்ராவோட ஓடும்போது நடுவுல சீப்ராக்யூன்னு ஒரு சாதாரண டேபிள் இருக்கும். புத்தகத்த திருத்துனா அதுல ஒரு ரோ விழும், எந்த ரெக்கார்டு நம்பர், திருத்தமா அழிப்பா, முடிஞ்சதா இல்லயான்னு. பின்னாடி ஓடற ப்ரோக்ராம் முடியாதத எல்லாம் எடுத்து இண்டெக்ஸ்ல ஏத்திட்டு முடிஞ்சதுன்னு குறிச்சுடும். அழிப்பும் ஒரு வேலையா வரிசைல நிக்கறதால அதுவும் விட்டுப் போகாது, நேரத்த நம்ப வேண்டியதும் இல்ல. உங்க லைப்ரரில கோஹா இருந்து புது புத்தகம் தேடல்ல வரலன்னா முதல்ல அந்த டேபிள்ல முடியாத ரோ எவ்வளவு தேங்கி நிக்குதுன்னு பாருங்க, தேங்கி இருந்தா பின்னாடி ஓட வேண்டிய ப்ரோக்ராம் நின்னு போயிருக்கும்.

நீங்க சொந்தமா பண்ணும்போதும் இந்த மாதிரி வரிசை டேபிள் ஒண்ணு வைங்க, முக்கியமா புத்தக ரோவ மாத்தற அதே டிரான்சாக்ஷனுக்குள்ளயே வரிசைலயும் எழுதணும், ரெண்டும் சேர்ந்து நடக்கும் இல்ல ரெண்டும் நடக்காது. சில பேரு அப்ளிகேஷன் கோடுலயே டேட்டாபேஸ்ல ஒரு தடவ, எலாஸ்டிக்சர்ச்ல ஒரு தடவன்னு நேரடியா ரெண்டு இடத்துலயும் எழுதுவாங்க. அது வேண்டாம். முதல்ல டேட்டாபேஸ்ல எழுதிட்டு ரெண்டாவது இடத்துல எழுதும்போது நெட்வொர்க் அறுந்தா என்ன விட்டுப் போச்சுன்னு ஒரு இடத்துலயும் பதிவு இருக்காது.

இன்னும் மேல போகணும்னா டேட்டாபேஸோட சொந்த டைரியவே படிக்கலாம். மைஎஸ்க்யூஎல்ல பின்லாக், போஸ்ட்கிரெஸ்ல வால்னு ஒண்ணு இருக்கு, நடக்கற ஒவ்வொரு மாற்றமும் அதுல வரிசையா எழுதப்படும், டெலிட்டும் சேர்த்து. டெபீசியம்ங்கற டூல் அத படிச்சு பொதுவா காஃப்கா (மெசேஜ்கள வரிசையா கடத்தற மென்பொருள்) வழியா சர்ச்சுக்கு அனுப்பும். டேபிள்ல நேர ஃபீல்டு வேண்டாம், கோடுல ஒண்ணும் மாத்த வேண்டாம். ஆனா பாத்துக்க வேண்டிய மெஷின் கூடிப் போகும், அதோட போஸ்ட்கிரெஸ்ல படிக்கறவன் நின்னு போனா அவன் வர்ற வரைக்கும் டைரிய அழிக்காம சேர்த்து வச்சுட்டே இருக்கும், டிஸ்க் ரொம்பி டேட்டாபேஸே நின்னுடும். ரெண்டு பேர் இருக்கற டீமுக்கு வரிசை டேபிள் போதும்கறது என் கருத்து.

கடைசியா தமிழ். எல்லாம் சரியா பண்ணியும் "கொய்யா" வரலன்னா எழுத்துக்குள்ள போய் பாருங்க. யூனிகோடுல "கொ"வ ரெண்டு விதமா எழுதலாம், க பக்கத்துல ஒகரக் குறி ஒண்ணே ஒண்ணா, இல்ல ஒத்தக்கொம்பும் காலும் தனித்தனியா. ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணு போல தெரியும், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற வார்த்தை. பழைய ஃபாண்ட்ல இருந்து மாத்துன டேட்டால இந்த ரெண்டாவது விதம் நிறைய வரும், தேடறவர் போன்ல அடிக்கறது முதல் விதம், பொருந்தாது. இண்டெக்ஸ் பண்ணும்போதும் தேடும்போதும் ரெண்டு பக்கமும் ஒரே வடிவத்துக்கு மாத்தற நார்மலைசர் ஒண்ணு போடுங்க, ஐசியு (யூனிகோடு வேலைக்கான மென்பொருள் தொகுப்பு) ப்ளகின்ல இது இருக்கு. ஔகாரம் மட்டும் இதுல முழுசா தப்பிக்காது, சில பேரு ஔகாரக் குறிக்கு பதிலா கொம்பு போட்டு ள எழுத்தையே அடிச்சிருப்பாங்க, அத நார்மலைசர் திருத்தாது, டேட்டால கைய வச்சு தான் திருத்தணும்.

அந்தத் தோட்டக்காரர் அடிச்சது "நோய்", தலைப்புல இருக்கறது "நோய்கள்". வார்த்தை வார்த்தையா பிரிக்கற இண்டெக்ஸுக்கு ரெண்டும் வேற. மரம், மரத்தை, மரங்கள் எல்லாமே வேற வேற. இங்கிலீஷ்ல ஒரு எஸ் வெட்டுனா பெரும்பாலும் முடிஞ்சிடும், தமிழ்ல விகுதி ஏறிட்டே போகும். ஸ்னோபால்ங்கற தொகுப்புல தமிழுக்கு ஸ்டெம்மர் (விகுதிய வெட்டி அடிச்சொல்ல எடுக்கறது) இருக்கு, போஸ்ட்கிரெஸ் 12ல இருந்து அதுவும் கூடவே வருது. உங்க தலைப்புகள்லயே ஒரு நூறு வார்த்தை எடுத்து அதுல விட்டு எப்படி வெட்டுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. திருப்தி இல்லன்னா வார்த்தையோட முன்பகுதிகள எல்லாம் இண்டெக்ஸ்ல வச்சுக்கற எட்ஜ் என்கிராம் முறைய எடுத்துக்கலாம், "நோய்கள்"ங்கற வார்த்தை "நோய்"ங்கற துண்டாவும் பதிவாகியிருக்கும், அப்ப கண்டிப்பா பிடிச்சிடும். துண்டு போடறது இண்டெக்ஸ் பக்கம் மட்டும் தான், தேடற வார்த்தைய துண்டு போட்டுடாதீங்க, அப்புறம் சம்பந்தமே இல்லாதது எல்லாம் வந்து நிக்கும்.

பண்ணிப் பாக்கணும்னா இன்னைக்கே லேப்டாப்ல மூணு டேபிள், இருபது புத்தகம் போட்டு ஆரம்பிங்க. ரெண்டு எழுத்தாளர் இருக்கற புத்தகம் ஒண்ணாவது இருக்கட்டும். முழு லோடு ஓட்டுங்க, ரெண்டாவது எழுத்தாளர் பேர தேடுங்க. அப்புறம் அந்த எழுத்தாளர் பேர எழுத்தாளர் டேபிள்ல திருத்திட்டு புதுப் பேர்ல தேடுங்க. ஒரு புத்தகத்த டெலிட் பண்ணிட்டு அதோட தலைப்ப தேடுங்க. டேட்டாபேஸ்ல எத்தன ரோ, இண்டெக்ஸ்ல எத்தன டாக்குமெண்ட்னு ரெண்டு பக்கமும் எண்ணிப் பாருங்க, இந்த எண்ணிக்கைய தினமும் ஒரு தடவ தானா பாத்து வித்தியாசம் இருந்தா மெசேஜ் அனுப்பற மாதிரி அஞ்சு வரி எழுதி வைங்க. எண்ணிக்கை ஒத்துப் போச்சுன்னா உள்ளடக்கமும் சரின்னு ஆகிடாது, அந்த ஆறு ரோ கதைய ஞாபகம் வச்சுக்கோங்க, அதனால தினமும் ஒரு இருபது புத்தகத்த குலுக்கல்ல எடுத்து ரெண்டு பக்கமும் ஃபீல்டு ஃபீல்டா ஒப்பிட்டும் பாக்கணும். கடைசியா "கொய்யா நோய்"னு அடிச்சு எண்டர் தட்டுங்க, அந்தப் புத்தகம் முதல் வரில வரணும்.